பொன்னர் சங்கர் (திரைப்படம்)

பொன்னர் சங்கர் என்பது 2011 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். கொங்கு நாட்டின் வாய்மொழிக் காப்பியமான அண்ணன்மார் சுவாமி கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய பொன்னர் சங்கர் என்னும் புதினமே இப்படத்தின் மூலக்கதை. தியாகராஜன் இயக்கிய இப்படத்தில் அவருடைய மகன் பிரசாந்த், பொன்னர், சங்கர் ஆகிய இரு வேடங்களில் நடித்துள்ளார். இளையராஜா இசையமைத்துள்ளார்.

இன்றைய திருப்பூர், ஈரோடு, கோயம்புத்தூர், கரூர், நாமக்கல் மாவட்டங்களையும் அவற்றை அடுத்த பகுதிகளையும் உள்ளடக்கிய கொங்கு வட்டாரத்தில், பொன்னரும் சங்கரும் கதைமாந்தர் மட்டுமல்லர். கோயில் கொண்டு வழிபடப்படும் தெய்வங்களும் ஆவர். எனவே இக்கதை திரைக்கு வந்தபோது, ஒரு புதினம் படமாக்கப்பட்டது என்பதைவிட, உயிருள்ள ஒரு வழிபாட்டு மரபு திரைவடிவம் பெற்றது என்பதே பொருத்தமாகும்.

படக்குழு

- இயக்கம்: தியாகராஜன்
- மூலக்கதை, வசனம்: மு. கருணாநிதி
- இசை: இளையராஜா
- ஒளிப்பதிவு: ஷாஜி குமார்
- வெளியீடு: ஏப்ரல் 9, 2011
- மொழி: தமிழ்

மூலமான நாட்டார் கதை

அண்ணன்மார் சுவாமி கதை, பொன்னர் சங்கர் கதை, குன்னுடையாக் கவுண்டன் கதை எனப் பல பெயர்களால் இக்கதை வழங்குகிறது. பேச்சு வழக்கில் 'அண்ணமார் கதை' என்பர். தங்கையின் நோக்கில் இருவரும் அண்ணன்மார் ஆதலால் இப்பெயர் ஏற்பட்டது. கதையின் பெயரிலேயே தங்கை மறைந்து நிற்கிறாள் என்பது கவனிக்கத்தக்கது.

கதை மூன்று தலைமுறைகளை உள்ளடக்கியது. பஞ்சம் பிழைக்கச் சோழ நாட்டிற்குச் சென்ற கோளாத்தாக் கவுண்டர், சோழ மன்னனிடமிருந்து பொன்னிவள நாட்டை உழுது பயிரிடும் உரிமையைப் பெறுகிறார். பிள்ளைப்பேறு இல்லாத அவருக்குக் கற்குவியலுக்கு அடியில் ஓர் ஆண் குழந்தை கிடைக்கிறது. அக்குழந்தையே குன்னுடையாக் கவுண்டர். இளமையில் பெற்றோரை இழந்து, பங்காளிகளால் துரத்தப்பட்டு, ஆடு மாடு மேய்த்து வளரும் அவர், தாமரை நாச்சியாரை மணந்து இழந்த நிலத்தை மீட்கிறார்.

தாமரையும் பிள்ளை வரம் வேண்டி நெடுங்காலம் தவம் இருக்கிறாள். சிவனின் அருளால் பொன்னர், சங்கர் என்னும் இரு ஆண் மக்களும் அருக்காணித் தங்காள் என்னும் மகளும் பிறக்கின்றனர். ஆண் குழந்தைகளைப் பிறந்தவுடனே கொன்றுவிடப் பங்காளிகள் சூழ்ச்சி செய்வதால், அவர்கள் மறைவிடத்தில் வளர்க்கப்பட்டுப் பின்னரே வீடு திரும்புகின்றனர். அண்ணன் பொன்னர் அமைதியும் பொறுமையும் கொண்டவர். தம்பி சங்கர் சினமும் வலிமையும் மிக்கவர். பாண்டவர்களே இவ்வுருவில் மறுபிறவி எடுத்தனர் என்பது பாடகர்களின் கூற்று. தங்காள் கன்னிமார் எழுவருள் இளையவளின் பிறப்பாகக் கருதப்படுகிறாள். அண்ணன்மாருக்கு உற்ற துணையாக நிற்கும் சாம்புவனும் கதையில் முதன்மையான இடம் பெறுகிறான்.

கதையின் பிற்பகுதி, உழவர்களான அண்ணன்மாருக்கும் காட்டை ஆளும் வேட்டுவர்களுக்கும் இடையிலான பகையைக் கூறுகிறது. வேட்டுவர் தரப்பின் தலைவன் தலையூர்க் காளி. வேட்டுவர் வளர்த்த கொம்பன் என்னும் பெரும் பன்றி வயல்களை அழிக்கிறது. வேட்டைக்குச் செல்லும்போது எல்லா நாய்களையும் அழைத்துச் சென்ற அண்ணன்மார், பொன்னாச்சி என்னும் சிறிய பெட்டை நாயை மட்டும் பொருட்படுத்தாமல் விட்டுச் செல்கின்றனர். முடிவில் அந்தப் பெட்டை நாயே கொம்பனை வீழ்த்த உதவுகிறது. இரவு முழுவதும் கண் விழித்துக் கதை கேட்போர் மிகவும் எதிர்பார்க்கும் பகுதிகளுள் இதுவும் ஒன்று.

இதைத் தொடர்ந்து நிகழும் போரில், அண்ணன்மாரின் ஆயுள் முடிந்ததை மாயவர் எனப்படும் திருமால் அம்பெய்து உணர்த்துகிறார். சங்கர் தன் வாளிலேயே வீழ்ந்து உயிர்விட, பொன்னரும் அவ்வாறே மாள்கிறார். அண்ணன்மாரைத் தேடி அழுதுகொண்டே காட்டில் அலையும் தங்காள், உடல்களைக் கண்டு, தெய்வ அருளால் அவர்களைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசுகிறாள். பின்னர் அவர்கள் நிலையாக விண்ணுலகம் சேர்கின்றனர்.

வழிபாடும் படுகளமும்

திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூர், அண்ணன்மார் மாண்ட இடமாகக் கருதப்படுகிறது. இங்குள்ள பெரியகாண்டியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் பெருந்திருவிழா நடைபெறும். கொங்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இவ்விழாவிற்கு வருகின்றனர்.

திருவிழாவின் உச்சநிலை படுகளம் ஆகும். அண்ணன்மாரும் அவர்தம் வீரர்களும் மாண்டதை நினைவுகூரும் வகையில், அருள் வந்தோர் நிலத்தில் வீழ்ந்து பிணம்போல் கிடப்பர். தங்காளாக வருபவர் நீர் தெளித்து அவர்களை எழுப்புவார். கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலும் அண்ணமார் கோயில்கள் உள்ளன. உடுக்கை அடித்து இரவு முழுவதும் கதை பாடும் உடுக்கடிப் பாட்டும், பொன்னர் சங்கர் கூத்தும் இக்கோயில் விழாக்களை ஒட்டி நிகழ்வன. ஒலிநாடாக்கள் பரவிய காலத்தில் இக்கதை ஒலிநாடா வடிவிலும் வீடுகளைச் சென்றடைந்தது.

வாய்மொழியிலிருந்து ஏட்டிற்கு

இக்கதை ஓலைச்சுவடியிலும் எழுதி வைக்கப்பட்டிருந்தது. பிச்சைப் பட்டர் இயற்றியதாகக் கூறப்படும் சுவடியைக் கவிஞர் சக்திக்கனல் 1970களில் அண்ணன்மார் சுவாமி கதை என்னும் பெயரில் நூலாகப் பதிப்பித்தார்.

வாய்மொழி வடிவத்தை விரிவாகப் பதிவு செய்தவர் கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் ஆவார். 1960களின் நடுப்பகுதியில் காங்கேயத்திற்கு அருகிலுள்ள ஓலப்பாளையம் என்னும் சிற்றூரில் தங்கி ஆய்வு செய்த அவர், உள்ளூர்ப் பாடகர்கள் பல இரவுகள் தொடர்ந்து பாடிய கதையை ஒலிநாடாவில் பதிந்தார். காங்கேயம் வட்டம் முன்னர் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. 2009 ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. ஆகவே இக்காப்பியத்தின் பெரிதும் அறியப்பட்ட ஒலிப்பதிவு, இன்றைய பின்னலாடை மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் செய்யப்பட்டதாகும்.

பெக் இக்காப்பியத்தைப் பற்றிய 'மூன்று இரட்டையர்' என்னும் ஆய்வு நூலை 1982 இல் வெளியிட்டார். கதையின் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அடங்கிய இரு தொகுதிகள் 1992 இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் வெளியிடப்பட்டன. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1999 இல் வெளியிட்ட நூலில் இக்கதையை மகாபாரதத்துடன் ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார்.

புதினம்

மு. கருணாநிதி இலக்கியங்களையும் வரலாற்றுச் செய்திகளையும் திரைக்கும் புதினத்திற்கும் ஏற்ப மாற்றி எழுதுவதில் நீண்ட பழக்கம் உடையவர். குண்டலகேசியின் கதையைத் தழுவிய மந்திரி குமாரி (1950), சிலப்பதிகாரத்தைத் தழுவிய பூம்புகார் (1964) ஆகிய படங்களுக்கு அவர் எழுதியுள்ளார். ரோமாபுரிப் பாண்டியன், தென்பாண்டிச் சிங்கம் ஆகியன அவருடைய பிற வரலாற்றுப் புதினங்கள்.

பகுத்தறிவு இயக்கத்தைச் சார்ந்த ஒருவர் தெய்வக்கதை ஒன்றைப் புதினமாக்கும்போது, தெய்வச் செயல்களை என்ன செய்வது என்னும் கேள்வி எழுகிறது. நாட்டார் கதையில் பிறப்பு, வளர்ப்பு, போர், இறப்பு, உயிர்த்தெழுதல் என ஒவ்வொரு திருப்பத்திலும் சிவன், பார்வதி, மாயவர் ஆகியோர் தலையிடுகின்றனர். கருணாநிதி இவற்றைப் பின்னுக்குத் தள்ளி, நிலம், மானம், மண உறவு, பங்காளிப் பகை ஆகிய மனிதக் காரணங்களை முன்னிறுத்திக் கதையை வரலாற்றுப் புதினமாக வடிவமைத்தார். திரைப்படமும் இவ்வழியையே பின்பற்றுகிறது.

திரைப்படத்தின் கதைச் சுருக்கம்

தாமரை நாச்சியார், தன் குடும்பத்தாரின் விருப்பத்திற்கு மாறாக நெல்லியன்கொண்டானை மணக்கிறாள். அவளை மணப்பதாக இருந்த மாந்தியப்பன் இதனால் அவமானமடைந்து பகை கொள்கிறான். பிறந்த வீட்டின் உறவும் அறுகிறது. அண்ணனால் இழிவுபடுத்தப்படும் தாமரை, தனக்குப் பிறக்கும் ஆண்மக்கள் அந்த அண்ணனின் பெண்களையே மணம் செய்வர் எனச் சபதம் செய்கிறாள்.

தாமரைக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. பகைவர்கள் அவர்களைக் கொல்ல முயல்வதால் குழந்தைகள் இரகசியமாக ராக்கியண்ணனிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். தம் பிறப்பை அறியாமல், போர்க்கலைகளைக் கற்று வளரும் பொன்னரும் சங்கரும், பின்னர் உண்மையை அறிந்து தாயின் சபதத்தை நிறைவேற்றவும் பகைவர்களை எதிர்கொள்ளவும் புறப்படுகின்றனர்.

நடிகர்கள்

- பிரசாந்த் – பொன்னர், சங்கர்
- பூஜா சோப்ரா, திவ்யா பரமேஸ்வரன் – முத்தாயி, பவளாயி
- குஷ்பு – தாமரை நாச்சியார்
- ஜெயராம் – நெல்லியன்கொண்டான்
- சினேகா – அருக்காணி
- ராஜ்கிரண் – ராக்கியண்ணன்
- பிரகாஷ் ராஜ் – மாந்தியப்பன்

இவர்களுடன் பிரபு, நாசர், நெப்போலியன், விஜயகுமார், பொன்வண்ணன் ஆகியோரும் நடித்துள்ளனர். 2009 ஆம் ஆண்டு இந்திய அழகிப் போட்டியில் பட்டம் வென்ற பூஜா சோப்ராவின் முதல் தமிழ்ப்படம் இதுவாகும்.

கதைப்பாடலும் திரைப்படமும்: வேறுபாடுகள்

கால அளவு: பல இரவுகள் பாடப்படும் காப்பியம் ஒன்றை ஒரு திரைக்காட்சி நேரத்திற்குள் அடக்க வேண்டியிருந்தது. மூன்று தலைமுறைக் கதை இரு தலைமுறையாகச் சுருங்கியது. கோளாத்தாக் கவுண்டரின் பஞ்சமும் குடிபெயர்வும் பொன்னிவள நாட்டில் உழவு தொடங்கியதும் நாட்டார் கதையின் அடித்தளம். வறண்ட நிலத்தில் உழவர்கள் எவ்வாறு வேர்கொண்டனர் என்பதே அக்கதையின் முதற்கேள்வி. திரைப்படத்தில் அரண்மனைகளும் சபதமும் போரும் அவ்விடத்தைப் பிடிக்கின்றன.

உழவரும் அரசரும்: நாட்டார் கதையில் அண்ணன்மார் நிலவுடைமை கொண்ட உழவர் தலைவர்கள். ஏர், விதை, ஏரி, வயல் ஆகியன கதை முழுவதும் வருகின்றன. திரைப்படம் தமிழ்த் திரையின் அரசகதை மரபைப் பின்பற்றிப் பெரும் அரங்குகளையும் அணிகலன்களையும் போர்க்களத்தையும் காட்டுகிறது.

தங்கையின் இடம்: இதுவே முதன்மையான வேறுபாடு எனலாம். சடங்கில் கதையை நிறைவு செய்பவள் தங்காள். வருவதை முன்னுணர்பவளும், தேடிச் செல்பவளும், இறந்தோரை எழுப்புபவளும் அவளே. அவளுடைய புலம்பலைக் கேட்டுப் பெண்கள் உடன் அழுவதும் உண்டு. ஒரே நடிகர் இரு நாயகர்களாகத் தோன்றும் திரைப்படத்தில் கதையின் எடை இயல்பாகவே அண்ணன்மார் பக்கம் சாய்கிறது. படத்தில் கதையை நகர்த்தும் பெண், தங்கையன்று. சபதம் செய்யும் தாய்.

பகைவர் யார்: தலையூர்க் காளியைப் பகைவனாகக் காட்டுவது உழவர் தரப்புக் கூற்று. வேட்டுவர் மரபினரிடையே தலையூர்க் காளி மதிப்பிற்குரிய தலைவனாகப் போற்றப்படுகிறான். காடு திருத்தி வயலாக்கியோருக்கும் காட்டை இழந்தோருக்கும் இடையே நிகழ்ந்த நெடுங்கால முரண்பாட்டின் நினைவே இக்கதை எனக் கருதுவோர் உளர். வாய்மொழி மரபில் பாடகருக்கும் ஊருக்கும் ஏற்பக் கதை மாறும். கொம்பன் யாருடைய பன்றி, நிலம் முதலில் யாருடையது என்பன ஊர்தோறும் வெவ்வேறு அழுத்தத்துடன் சொல்லப்படும். திரைப்படத்தில் ஒரே ஒரு வடிவம் மட்டுமே நிலைபெறுகிறது. வாழும் சமூகங்கள் தம் முன்னோராகவும் தெய்வமாகவும் கருதும் மாந்தர்களைத் திரையில் நாயகன், வில்லன் எனப் பிரிப்பதில் உள்ள இடர்ப்பாடும் இதுவே.

வெளியீடும் வரவேற்பும்

படம் வெளியான நான்காம் நாள், அதாவது ஏப்ரல் 13, 2011 அன்று, தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நடைபெற்றது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் படத்தின் கதையாசிரியரான மு. கருணாநிதி. மே 13 அன்று எண்ணப்பட்ட வாக்குகளின்படி தி.மு.க. ஆட்சியை இழந்தது. படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தேர்தல் செய்திகளுக்கு நடுவிலேயே நிகழ்ந்தது.

அரங்க அமைப்பு, ஆடை அணிகலன் ஆகியவற்றை விமர்சகர்கள் பாராட்டினர். திரைக்கதையின் ஓட்டமும் எண்ணற்ற கதைமாந்தர்களும் பார்வையாளரைக் களைப்படையச் செய்வதாகக் குறை கூறினர். படம் எதிர்பார்த்த வணிக வெற்றியைப் பெறவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் நடித்த மம்பட்டியான் வெளிவந்தது. இது தியாகராஜன் நடித்து 1983 இல் வெளிவந்த மலையூர் மம்பட்டியான் படத்தின் மறு ஆக்கமாகும். ஒரே ஆண்டில் ஒரே இயக்குநரும் நடிகரும் மேற்குத் தமிழகத்தின் இரு வேறு நாட்டுப்புற வீரர் கதைகளைப் படமாக்கியமை குறிப்பிடத்தக்கது.

அசைபடத் தொடர்

தாம் பதிவு செய்த கதையை அடிப்படையாகக் கொண்டு பிரெண்டா பெக் 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடரை உருவாக்கினார். இது தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. படக்கதை நூல்களாகவும் வெளியிடப்பட்டது. திரைப்படத்தைப் போலன்றி, இத்தொடர் மூன்று தலைமுறைகளையும் தெய்வங்களையும் கொம்பனையும் பொன்னாச்சியையும் தக்கவைத்துக் கொண்டது. ஒரே காப்பியம், ஒன்று புதினத்தின் வழியாகவும் மற்றொன்று ஒலிப்பதிவின் வழியாகவும், இரு வேறு அசையும் படங்களாக மாறியதை இவற்றை ஒப்பிட்டு அறியலாம்.

நாட்டார் கதைகளும் திரைப்படமும்

தமிழ்த் திரையுலகம் நாட்டார் கதைகளை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்துள்ளது. நல்லதங்காள் (1955), மதுரை வீரன் (1956), காத்தவராயன் (1958), ராஜா தேசிங்கு (1960) ஆகியன எடுத்துக்காட்டுகள். இவற்றுள் மதுரை வீரன் பெருவெற்றி பெற்றது. அக்காலத்தில் கூத்திலும் பெரிய எழுத்து நூல்களிலும் இக்கதைகளை அறிந்திருந்த மக்களே திரையரங்கிற்கும் வந்தனர். 2011 இல் நிலைமை வேறு. கொங்கு நாட்டிற்கு வெளியே இருந்த பார்வையாளர்களில் பலருக்கு அண்ணன்மார் கதை புதியது. கொங்கு நாட்டினருக்கோ கதை முன்பே தெரியும். திரையில் தேடியது தம் கோயிலில் கண்ட அண்ணன்மாரை.

இத்தகைய மாற்றம் பிற நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. அர்ச்சென்டீனாவின் பாம்பாஸ் சமவெளியில் குதிரை மேய்ப்பரான காவுச்சோக்களிடையே புகழ்பெற்ற வான் மொரேரா, 1874 இல் காவலர்களால் கொல்லப்பட்டவர். அவரது கதை 1879 – 1880 இல் செய்தித்தாள் தொடர்கதையாகவும், 1884 இல் வட்டரங்கு ஆட்டமாகவும், 1973 இல் லியோனார்தோ ஃபாவியோவின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வடிவம் பெற்றது. ராணுவ ஆட்சி முடிந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு பொறுப்பேற்ற 1973 மே மாதத்தில் அப்படம் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1975 இல் அவரே, ஏழாவது ஆண்மகன் ஓநாயாக மாறுவான் என்னும் சமவெளி நம்பிக்கையை வைத்து நசரேனோ குரூசும் ஓநாயும் என்னும் படத்தை எடுத்தார். அதற்கு அடிப்படை ஒரு வானொலி நாடகம். இரு நாடுகளிலும் நாட்டார் கதை நேரடியாகத் திரைக்கு வரவில்லை. இடையில் ஓர் எழுத்தாளரின் கை பட்ட பின்னரே வந்தது. எனினும் ஃபாவியோ இயற்கை மீறிய கூறுகளைத் திரையில் பெரிதாக்கினார். பொன்னர் சங்கர் அவற்றைக் குறைத்தது.

படத்திற்குப் பின்

பொன்னர் சங்கர் திரைப்படம் வெளிவந்த பின்னரும் அண்ணன்மார் கதையின் முதன்மையான வடிவம் கூத்தும் உடுக்கடிப் பாட்டும் படுகளமுமே ஆகும். பின்னலாடைத் தொழிலால் திருப்பூர் வட்டாரத்தின் வாழ்க்கைமுறை பெரிதும் மாறியுள்ளது. உழவை விட்டு ஆலைகளுக்கும் பனியன் நிறுவனங்களுக்கும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் மிகுந்துள்ளன. இரவு முழுவதும் அமர்ந்து கதை கேட்பதற்கான ஓய்வும், கதையை முழுமையாக மனப்பாடமாகப் பாடுவோரைப் பயிற்றுவிப்பதற்கான சூழலும் குறைந்து வருகின்றன. இந்நிலையில் ஒலிப்பதிவு, நூல், புதினம், திரைப்படம், அசைபடம் ஆகியன கதையைப் பாதுகாக்கும் வழிகளாகின்றன. எனினும் இவற்றுள் எதிலும் வீழ்ந்தோர் எழுப்பப்படுவதில்லை. அது படுகளத்தில் மட்டுமே நிகழ்கிறது.

இவற்றையும் பார்க்க

- அண்ணன்மார் சுவாமி கதை
- கொங்கு நாடு
- வீரப்பூர்
- உடுக்கை
- காங்கேயம்